ஏமாறணும்னு முடிவு பண்ணிட்டே, முறையா ஏமாறு கண்ணு!

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. பெங்களூரு வேலையை விட்டுட்டு வாழப்பாடிக்கே வந்து மாட்டுப் பண்ணை வைக்கப் போறேன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப நல்லது. ஊர்ல நாலு பேரு சிரிக்கறதுக்கும் ஏதாச்சும் வேணுமில்ல? கொட்டாயில ரப்பர் மேட்டு விரிச்சாச்சாம். மேல ஃபேன் மாட்டியாச்சாம். பண்ணைக்குப் பேரு வெச்சு, அதுக்கு யூடியூப் சேனலும் ஆரம்பிச்சாச்சாம். மாடு மட்டுந்தான் இன்னும் வாங்கலையாம். எருமை வாங்கறதுக்கு முன்னாலயே நெய்க்கு விலை பேசறதுன்னு பெரியவங்க சொல்லி வெச்சாங்களே, அது உனக்காகத்தான் அத்தனை வருசமாக் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

உன் கணக்கையும் உங்கப்பன் சொன்னான். மாடு ஒண்ணுக்கு நாளைக்கு 20 லிட்டர். ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபா. 2023 டிசம்பர்ல அறிவிச்ச ஊக்கத்தொகை 3 ரூபா. ஆக 38. ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 760, மாசத்துக்கு 22,800. பத்து மாடு, பன்னண்டு மாசம்னு செல்போன்ல தட்டினா 27 லட்சத்து 36 ஆயிரம் வருதாம். அடேங்கப்பா! நான் ஆயுசு பூரா மாடு கட்டியும் இந்தத் தொகையைக் கண்ணுல பாத்ததில்ல. தப்பு என்மேலதான். கட்டுத்தறியில கட்டாம செல்போன்ல கட்டியிருக்கணும்.

செல்போன் மாட்டுல சௌகரியம் நெறைய. அது தவுடு கேக்காது, புண்ணாக்கு கேக்காது, சேகோ ஆலைத் திப்பியும் சோளத்தட்டும் கேக்காது. அதுக்குக் கோமாரி வராது, மடிநோய் வராது. கன்னு போட்டு பத்து மாசம் கறந்துட்டு, அப்புறம் ரெண்டு மாசம் பால் வத்திப்போய் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காது. கொழுப்பு கொறைஞ்சிருக்குன்னு சொசைட்டிக்காரர் அதோட பாலுக்கு விலையைக் கொறைக்க மாட்டார். நெஜ மாடு இதெல்லாம் பண்ணும். ஆடிக் கறக்கற மாட்டை ஆடித்தான் கறக்கணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடித்தான் கறக்கணும். கால்குலேட்டர்ல கறக்கற மாடு நம்ம சேலம் ஜில்லாவுல இன்னும் பொறக்கலை.

சரி, சந்தைக்குப் போறேன், புத்தி சொல்லுங்க தாத்தான்னு கேட்டு வந்திருக்கே. ஏமாறாம மாடு வாங்கறது எப்படின்னு எனக்குத் தெரியாது. அப்படி வாங்கினவன் எவனையும் நான் சந்திச்சதில்ல. முறையா ஏமாறறது எப்படின்னு வேணா சொல்லித் தர்றேன். அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, மரியாதை இருக்கு. எடுத்தோம் கவுத்தோம்னு ஏமாறக் கூடாது.

மொதல்ல, வெள்ளையும் சொள்ளையுமாப் போ. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ. காரைச் சந்தை வாசல்லயே நிறுத்திக் கதவை ஓங்கிச் சாத்து. நீ எறங்கி நடக்கறதுக்குள்ள உள்ள இருக்கற அத்தனை மாட்டுக்கும் விலை அஞ்சாயிரம் ஏறியிருக்கும். அப்புறம் எந்த மாடு மனசுக்குப் புடிச்சிருக்கோ அதையே வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துக்கிட்டு நில்லு. பழைய ஆளுங்க என்ன பண்ணுவாங்கன்னா, வாங்க நெனைக்கற மாட்டுக்குப் பக்கத்து மாட்டை விலை கேப்பாங்க, அரை மணி நேரம் அதுக்கே பேரம் பேசுவாங்க, படியலைன்னு நடையைக் கட்டறப்ப, "அட, இது என்னங்க விலை?"ன்னு போற போக்குல கேப்பாங்க. உனக்கு அந்த நடிப்பெல்லாம் வேண்டாம். நீ படிச்சவன், உண்மையானவன். உண்மையானவனுக்குச் சந்தையில எப்பவும் தனி விலை.

எந்தச் சந்தைக்குப் போறதுன்னு கேளு. நம்ம சுத்துவட்டாரத்துல சந்தைக்கா பஞ்சம்? ஆடுன்னா மேச்சேரி இருக்கு, சனிக்கிழமை வீரகனூர் இருக்கு. காங்கேயம் காளை வேணும்னா சித்திரையில கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாச் சந்தைக்குப் போவணும். குருதை வேணும்னா ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. திப்பு சுல்தான் காலத்துலயே தொடங்கினதுன்னு அங்க பெருமையாச் சொல்லிக்குவாங்க. பருகூர் மலை மாடும் அங்க எறங்கி வரும். கறவை மாட்டுக்கு வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம். ராசிபுரம் வழியாப் போனா நாமக்கல் ரோட்டுல புதன்சந்தை.

புதன்சந்தைக்குப் போறதா இருந்தா புதன்கிழமை போ. காத்தோட்டமா, காலியா, நிம்மதியா இருக்கும். உன்னை ஏமாத்த ஒரு குஞ்சு குளுவான் இருக்காது. ஏன்னா அங்க மாட்டுச் சந்தை திங்கக்கிழமை பொழுதோட ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமையோட முடிஞ்சுபோவும். பேருல புதன், நடப்புல செவ்வாய். இங்க சொல்றது ஒண்ணு, நடக்கறது ஒண்ணுன்னு ஊர்ப் பலகையிலயே எழுதி வெச்சிருக்காங்க. இதுக்கு மேல ஒரு சந்தை எப்படிக் கண்ணு நேர்மையா இருக்க முடியும்?

உள்ள போனதும் தரகரைத் தேடாதே. அவரே உன்னைத் தேடி வந்து, உங்க தாத்தா பேரைச் சொல்லி, அவரும் நானும் ஒண்ணாத் திரிஞ்சவங்கம்பார். என் பேரைத்தான் சொல்லுவார். அந்தாளை நான் பாத்திருக்கவே மாட்டேன். அதைப் பெருசு படுத்தாதே. அவர் தோள்ல கெடக்கற துண்டை மட்டும் பாரு. சந்தையோட கச்சேரி, கருவூலம் எல்லாம் அந்தத் துண்டுதான்.

எப்படி நடக்கும்னு சொல்றேன் கேளு. ராத்திரி நேரம், ட்யூப்லைட்டு வெளிச்சம், காலடியில சாணியும் மூத்திரமும் சொதசொதன்னு கெடக்கும். விக்கறவர் மாட்டோட திமில்மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு நிப்பார். "எவ்வளவுங்க?" "பாத்துக் குடுங்க." "நீங்க சொல்லுங்க." "நீங்க கேளுங்க." இது சாமி கும்பிடறதுக்கு முன்ன மணி அடிக்கறது மாதிரி, இதுல விசயம் ஒண்ணும் கெடையாது. அப்புறந்தான் தரகர் விக்கறவரோட கையைப் புடிப்பார், மேல துண்டு விழும். துண்டுக்குள்ள விரல் பேசும். ஒரு விரலுக்கு ஆயிரமா பத்தாயிரமான்னு யாரும் சொல்ல மாட்டாங்க, முன்னால நிக்கற உருப்படியைப் பாத்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். கறவை மாட்டு முன்னால நாலு விரலைச் சேத்து அமுக்கினா நாப்பதாயிரம்னு வெச்சுக்கோ. பத்தாதுன்னா விக்கறவர் கையை வெடுக்குன்னு உருவுவார். தரகர் விட மாட்டார், மணிக்கட்டைப் புடிச்சு இழுத்து இன்னொரு விரலைச் சேப்பார். கீழ இத்தனை மல்லுக்கட்டு நடக்கறப்ப மேல ரெண்டு முகமும் அருநூத்துமலைப் பக்கம் பாத்து, இந்த வருசம் மழை எப்படின்னு பேசிக்கிட்டு இருக்கும்.

துண்டு எதுக்குன்னு கேட்டியானா, இந்த மாடு என்ன விலைக்குப் போச்சுன்னு அடுத்த மாட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது. கொறைச்சு வித்தவனுக்கும் எச்சா குடுத்து வாங்கினவனுக்கும் நாலு பேரு முன்னால மானம் போகக் கூடாது. அதே துண்டு இந்தப் பக்கம் வந்து உன் கைமேலயும் விழும். துண்டுக்குள்ள இருக்கறது ரெண்டு கை, ஓடறது மூணு கணக்கு. உன் விலையும் அவன் விலையும் தரகர் ஒருத்தருக்குத்தான் தெரியும், நடுவுல இருக்கற இடைவெளிதான் அவர் குடித்தனம். நீ துண்டுக்குள்ள கையைக் குடுக்காதே கண்ணு. "அண்ணா, எழுபதுன்னா ஓகேவா? ஜிபே பண்ணிடட்டுமா?"ன்னு சத்தமாக் கேளு. சந்தை பூரா உன் கொள்ளளவு என்னன்னு தெரிஞ்சுக்கும். அடுத்த வாரம் போனாலும் அதே மரியாதை கெடைக்கும்.

அப்புறம் பல்லு. கட்டை விரலை வாயோரத்துல பல்லில்லாத சந்துல விட்டு, நாக்கை ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சு, கீழ் உதட்டை மடக்கணும். எச்சில் முழங்கை வரைக்கும் ஒழுகும். மேல் தாடையில முன்பல்லே இருக்காது. எந்த மாட்டுக்கும் இருக்காது. அதைப் பாத்துட்டு, "பல்லெல்லாம் விழுந்துபோன கெழட்டு மாட்டை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"ன்னு சத்தம் போட்டா, சந்தைக்கே அன்னைக்குத் தீவாளி. எண்ண வேண்டியது கீழ இருக்கற எட்டு. பால்பல் விழுந்து ரெண்டு பல் போட்டிருந்தா ரெண்டு, ரெண்டரை வயசு. நாலு பல்லுன்னா மூணு. ஆறு பல்லுன்னா நாலுக்குக் கிட்ட. எட்டும் வந்து கடை சேந்துருச்சுன்னா அஞ்சு. அதுக்கு மேல தேய்மானத்தைப் பாத்துச் சொல்றதுதான். கொம்பு வளையத்தை எண்ணியும் சொல்லலாம். அதுக்குத்தான் அரத்தால ராவி, எண்ணெய் தடவி, பெயிண்டும் அடிச்சுக் கூட்டி வருவாங்க. கொம்பு ரொம்பப் பளபளன்னு இருந்தா மாடு தன் வயசை மறைக்குதுன்னு அர்த்தமில்ல. மறைக்கறது கயித்தோட இந்த முனையில இருக்கறவன்.

சுழியைப் பத்தி உனக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. கோபுரச்சுழி, லட்சுமிச்சுழி, விபூதிச்சுழின்னா குடும்பம் தழைக்கும். பாடைச்சுழி, விலங்குச்சுழி, குடைமேல்குடைன்னா வீடு வெளங்காது. ஏறுபூரான் நல்லது, இறங்குபூரான் ஆகாது. பூரான் ஏறுதா எறங்குதான்னு மாட்டைக் கேட்டா அதுக்கே தெரியாது. தலைப்பக்கம் நின்னு பாக்கறவனுக்கு ஒரு மாதிரி, வால்பக்கம் நின்னு பாக்கறவனுக்கு வேற மாதிரி. இதோட சூட்சுமம் இதுதான்: நாப்பதாயிரம் சொன்ன மாட்டுல ஒருத்தர் பாடைச்சுழியைக் கண்டுபுடிச்சு முப்பத்தஞ்சுக்கு வாங்குவார். அடுத்த வருசம் அதை விக்க வர்றப்ப அதே எடத்துல கோபுரம் முளைச்சிருக்கும். மாடும் அதே மாடு, மயிரும் அதே மயிரு. விக்கறவனா வாங்கறவனாங்கறதுலதான் சாஸ்திரமே இருக்கு. நீ போறப்ப சுழிப் படத்தையெல்லாம் செல்போன்ல எறக்கி வெச்சுக்கோ. வெளிச்சம் பத்தாட்டி டார்ச் அடிச்சுப் பாரு. அந்த நேரத்துல மடியைப் பாக்க மறந்துடுவே. அதுதான் அவங்களுக்கும் வேணும்.

மடிக்கு வர்றேன், இதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு. சந்தைக்கு வர்ற மாட்டோட மடி தரையத் தொடற மாதிரி பொங்கிக்கிட்டு நிக்கும். முந்தின பொழுதும் கறக்காம, விடியக்காலமும் கறக்காம, பால் கட்டிக் கொண்டாந்திருப்பாங்க. மாட்டுக்கு அது வலி, உனக்கு அது 20 லிட்டர். உப்புப் போட்ட தவுட்டைக் காட்டிக் கொடம் கொடமாத் தண்ணி குடிக்க வெச்சிருப்பாங்க, வயிறும் ததும்பும். பக்கத்துல ஒரு எளங்கன்னு துள்ளும். அது இதோட கன்னுதானான்னு எப்படித் தெரியும்? கன்னை ஊட்ட விடு. மாடு மோந்து பாத்து நக்குதா, இல்ல காலைத் தூக்குதா? காலைத் தூக்கினா கன்னு வாடகைக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கோ. நாலு காம்புலயும் தனித்தனியா உள்ளங்கையில பீச்சிப் பாரு. திரிதிரியா வந்தாலும் தண்ணியா வந்தாலும் மடிநோய். ஒரு காம்பு அடைச்சிருந்தா கால் மடி போச்சு. இருக்கற பாலையெல்லாம் மொதல்ல ஒட்டக் கறந்துடணும். அதுக்கப்புறம் அடுத்த பொழுதுக்குக் கறக்கறதுதான் அதோட கறவை. ரெண்டு வேளை இப்படிக் கறந்து பாக்காம வாங்கக் கூடாது. உனக்குத்தான் கறக்கத் தெரியாதே? மிஷின் ஆர்டர் போட்டிருக்கேன்னு சொன்னானே உங்கப்பன். சந்தைக்கு மிஷினைத் தூக்கிட்டுப் போ. கரண்டு மட்டும் கேட்டு வாங்கிக்கோ.

விலை படிஞ்சு பணம் கை மாறினதும் ஒரு கூத்து நடக்கும். விக்கறவர் கயித்தை அவுத்துக்குவார். மாடு உனக்கு, கயிறு எனக்கும்பார். கயித்தைக் குடுத்தா கட்டுத்தறி லட்சுமியும் கூடப் போயிடும்னு நம்பிக்கை. எண்பதாயிரம் ரூபா மாட்டைச் சிரிச்சுக்கிட்டே விட்டுக் குடுத்தவர், எம்பது ரூபாக் கயித்துக்கு உசுரைக் குடுப்பார். அதனால புதுக் கயிறு ஒண்ணு கையோட கொண்டு போ. அந்தக் கயிறு மாட்டுக் கழுத்துல விழுந்துருச்சுன்னா வியாபாரம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் விலை கூடிப்போச்சுன்னு நீயும் சொல்லக் கூடாது, கொறைஞ்சுபோச்சுன்னு அவனும் சொல்லக் கூடாது. கயிறு மாறற வரைக்கும் எவ்வளவு வேணா பொய் சொல்லலாம், மாறினப்புறம் ஒரு சொல்லு மாறக் கூடாது. இதுதான் சந்தை நாயம்.

இதெல்லாம் பட்டிக்காட்டு வழக்கம்னு மனசுக்குள்ள சிரிக்கறே, தெரியுது. என் பேத்தி அயர்லாந்துல நர்சா இருக்கா. அங்க பாலினஸ்லோன்னு ஒரு ஊர்ல வருசா வருசம் அக்டோபர் மாசம் குருதைச் சந்தை கூடுமாம். வெள்ளைக்காரன் எப்படி யாவாரம் பண்றான்னு கேட்டேன். வாங்கறவன் ஒரு விலை கேப்பானாம், விக்கறவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடையைக் கட்டுவானாம். நடுவுல ஒருத்தன் ஓடிவந்து ரெண்டு பேரு கையையும் புடிச்சு இழுத்து, வித்தியாசத்தைப் பாதியா வெட்டிக்கோங்கம்பானாம். தரகர்! துண்டு மட்டுந்தான் இல்ல. படிஞ்சா உள்ளங்கையில எச்சிலைத் துப்பி, கையோட கையைப் பளார்னு அடிச்சுக்குவாங்களாம். விக்கறவன் வாங்கின பணத்துலருந்து கொஞ்சம் எடுத்து அதிர்ஷ்டக் காசுன்னு வாங்கினவனுக்கே திருப்பிக் குடுத்துடணுமாம், இல்லாட்டி அவனைக் கஞ்சன்னு ஊர் பூரா பேசுமாம். கப்பல் ஏறாமலயே நம்ம ஆளுங்க புத்தி அங்க வரைக்கும் போயிருக்கு பாரு.

அதே நாட்டுல கில்லோர்க்ளின்னு இன்னொரு ஊரு. 1613லயே ராசா சாசனம் குடுத்த சந்தை. வருசா வருசம் ஆகஸ்டு 10, 11, 12. மலையில திரியற காட்டுக் கெடா ஒண்ணைப் புடிச்சாந்து, கிரீடம் வெச்சு, முன்னெல்லாம் ஒசரமான பரண்ல ஏத்தி, மூணு நாளைக்கு அதுதான் ராசாம்பாங்களாம். முடிஞ்சதும் மறுபடி மலையில விட்டுடறது. 2022ல வெயில் அதிகம், ஆட்டை வதைக்கறீங்கன்னு சத்தம் கெளம்பி, ராசாவைக் கீழ எறக்கிட்டாங்களாம். இதைக் கேட்டதும் எனக்கு நம்ம சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி ஞாபகந்தான் வந்துச்சு. பொங்கலுக்கு வங்காநரியைப் புடிச்சாந்து, மாரியம்மன் கோயிலைச் சுத்தி ஓடவிட்டு, அது மூஞ்சில முழிச்சா வெள்ளாமை செழிக்கும்னு கும்பிட்டுட்டுக் காட்டுல விடற பழக்கம் நம்மகிட்டயும் இருக்குல்ல? இங்க வனத்துறை வந்து அவராதம் போடுது. வனவிலங்குச் சட்டம் 1972ல வந்துருச்சு, நரியைத் தொடக் கூடாது. சட்டத்து மேல நான் குத்தம் சொல்லலை. நம்ம மூஞ்சில முழிச்ச நரிக்கு அந்த வருசம் எப்படிப் போச்சுன்னு இதுவரைக்கும் எவனும் கேக்கலையே!

சட்டம்னதும் ஞாபகம் வருது. 2017 மே மாசம் டெல்லியில மாட்டுச் சந்தைக்குன்னே விதி போட்டாங்க. வித்ததுக்கு அஞ்சு படி எழுதணும். வாங்கினவன் ஆறு மாசத்துக்கு விக்கக் கூடாது. அறுக்கறதுக்குன்னு சந்தையில யாவாரமே கூடாது. அதோட கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, கன்னு ஊட்டாம இருக்கக் காம்பை டேப்பு போட்டு ஒட்டக் கூடாதுன்னும் எழுதியிருந்தாங்க. எனக்கு ஆச்சரியமாப் போச்சு. நாம துண்டுக்குள்ள வெச்சிருந்த தில்லுமுல்லெல்லாம் டெல்லிக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது? எழுதினவரும் எங்கயோ ஒரு சந்தையில மாடு வாங்கி அடிபட்டவராத்தான் இருக்கணும். அந்த மாசக் கடைசியிலயே மதுரைக் கிளை அதுக்கு எடைக்காலத் தடை போட்டுச்சு, ஜூலையில உச்சநீதிமன்றம் அதை நாடு பூரா நீட்டிச்சுது. அறுப்பு மாட்டை வாங்க ஆளில்லாட்டி, கறவை நின்ன மாட்டை வித்து அடுத்த கறவை வாங்கறவன் என்ன பண்ணுவான்? கெழட்டு மாட்டைக் கையெடுத்துக் கும்பிடறவன் அதுக்குத் தீனி போட வர மாட்டான்.

இப்ப மாட்டுக் காதுல பன்னண்டு இலக்க நம்பர் போட்ட வில்லை தொங்குது. மாட்டு ஆதார்ங்கறாங்க. நல்லதுதான், தடுப்பூசி போட்டாச்சான்னு அந்த நம்பரை வெச்சுப் பாத்துக்கலாம். மாட்டு வயசைத் தரகர் கிட்டக் கேக்காம டாக்டர் கிட்டக் கேளு. அப்புறம், தேர்தல் நேரமாப் பாத்துச் சந்தைக்குப் போ. ஐம்பதாயிரத்துக்கு மேல ரொக்கம் கொண்டு போனா, கணக்குக் காட்டுன்னு பறக்கும் படை ரோட்டுல நிறுத்தும். மாடு வாங்கப் போறேன்னு சொல்லிப் பாரு. ஓட்டுக்குப் பணம் குடுக்கறவன் போயிட்டே இருப்பான், மாட்டுக்குப் பணம் குடுக்கப் போறவன் ரோட்டுல நிப்பான். வாங்கிட்டு வர்றப்ப சுங்கச் சீட்டைப் பத்திரமா வெச்சுக்கோ. ஏலம் எடுத்த குத்தகைதாரர் குடுக்கற அந்தத் துண்டுச் சீட்டுதான் சந்தையில பொய் கலக்காத ஒரே காயிதம். வழியில யாராச்சும் மறிச்சா அதுதான் பேசும். மாட்டை ஏத்தறது குட்டியானையில, சீட்டு எழுதறது மாட்டுக்கு. போலீஸ்காரர் குழம்பிடப் போறார், சூதானமாச் சொல்லு.

இத்தனை வம்பு எதுக்கு, வாட்ஸ்அப்புலயே வாங்கிடறேன்னு நீ நெனைக்கலாம். அயர்லாந்துலயும் 1950களுக்கு அப்புறம் கூட்டுறவுக்காரங்க ஏலக்கூடம் கட்டி, மாட்டைத் தராசுல நிறுத்தி, மைக்குல ஏலம் விட ஆரம்பிச்சாங்க. தெருச்சந்தை பெரும்பாலும் படுத்துருச்சு, பேருபெத்த சிலதுதான் மிச்சம். ஆனா அங்கயும் மாடு கண்ணு முன்னால நின்னுச்சு. உன் வாட்ஸ்அப்புல மாடு எங்க நிக்குது? வீடியோவுல ஒரு மாடு, வேற யாரோ கறக்கற பாலு, பின்னால சினிமாப் பாட்டு. அச்சாரம் போட்டதும் நம்பர் அணைஞ்சு போவுது. அவனை எங்க போய்த் தேடுவே? சந்தையில ஏமாத்தறவன் அடுத்த செவ்வாய்க்கெழமையும் அதே புளியமரத்தடியிலதான் நிக்கணும். பத்துப் பொய் சொல்ற தரகர் பதினொண்ணாவதைச் சொல்லாம நாக்கைக் கடிச்சுக்கறது அதுக்காகத்தான். முகம் தெரிஞ்சவன்கிட்ட ஏமாந்தா, பாதி காசுக்கு அனுபவமாவது மிஞ்சும்.

கடைசியா ஒண்ணு. நான் சொன்ன பல்லு, சுழி, கொம்பு, துண்டு எல்லாம் ஆம்பளைங்க வித்தை. சந்தைக்குப் போய்ப் பாரு, ஆயிரம் வேட்டிக்கு நடுவுல ஒரு சேலை தட்டுப்படறது அபூர்வம். ஆனா வெள்ளன எந்திரிச்சுக் கறக்கறது யாரு? சாணி அள்ளறது, தவுடு கலக்கறது, மாடு சினைக்குக் கத்துதா, மடி சூடாக் கெடக்குதான்னு தொட்டுப் பாக்கறது யாரு? உங்கம்மா எத்தனை மாட்டை வளத்து, கறந்து, சொசைட்டிக்கு ஊத்தி உன்னைப் படிக்க வெச்சா! காம்புல கை வெச்ச நிமிசத்துல மாட்டோட சாதகத்தையே சொல்லுவா. அவளை ஒரு நாளாச்சும் மாட்டுச் சந்தைக்கு எவனாவது கூட்டிட்டுப் போயிருக்கானா? உங்கப்பனைக் கேளு, வாயைத் தொறக்க மாட்டான்.

அதனால இந்த வாரம் கார்ல முன் சீட்டுல உங்கம்மாவை உக்கார வை. மாடு அவ கையில ரெண்டு வேளை கறக்கட்டும். அவ சரின்னா வாங்கு. வேண்டாம்னா, தரகர் எந்தச் சுழியைக் காட்டினாலும் வாங்காதே, புதுக் கயித்தைச் சுருட்டிக்கிட்டு வீடு வந்து சேரு.